ஒரு நம்பர் மட்டும் கொடுங்க சார்: துறை அறிக்கைகளும் அவற்றின் பதிவேடும்

கல்லூரித் துறைகளில் 'டெக்னிக்கல் ரிப்போர்ட்' என்ற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இறுதியாண்டு மாணவர் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுக்கும் புராஜெக்ட் புத்தகத்துக்கும் அந்தப் பெயர்தான். சிவில் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்த்து ஒப்பந்தக்காரருக்கு லெட்டர்பேடில் எழுதித் தரும் தாளுக்கும் அதே பெயர். நிதி கொடுத்த அமைப்புக்கு வருஷக் கடைசியில் அனுப்புவதையும் அப்படியே சொல்வார்கள். அதனால் 'நம் துறையின் டெக்னிக்கல் ரிப்போர்ட்டுகளை ஒழுங்குபடுத்தணும்' என்று கூட்டத்தில் யாராவது பேச்சை எடுத்தால், உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் மனதிலும் பத்து விஷயம் ஓடும். கடைசியில் வெப்சைட்டில் ஒரு பக்கம் திறந்து, கிடைத்த பி.டி.எஃப்.களை வரிசையாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் ஒரு கணினித் துறை அலுவலகத்தில் இந்த அறிக்கைகளின் பதிவேட்டைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன். பி.டி.எஃப். ஏற்றுவது இந்த வேலையின் கடைசிப் பத்து நிமிஷம். அதற்கு முன்னால் இருப்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், எது அறிக்கை?

இந்தக் கட்டுரையில் தொழில்நுட்ப அறிக்கை என்றால் இதுதான்: துறையில் இருப்பவர்கள் செய்த ஆய்வை எழுதியதும், துறை தன் வரிசையில் ஓர் எண் கொடுத்து, தன் பெயரிலேயே வெளியிடும் எழுத்து. ஆய்விதழ்களில் வெளியாட்கள் படித்து மதிப்பிட்ட பிறகே கட்டுரை வரும். இங்கே பெரும்பாலும் துறைக்குள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

'அப்போ இதழ்களில் தேறாததைத் தள்ளிவிடும் கிடங்கா?' என்று கேட்பவர்கள் உண்டு. பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டும் 'ரெய்டு' முறையை இன்று எல்லா சர்வர் அறைகளிலும் பார்க்கலாம். அது 1987 டிசம்பரில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணினித் துறையின் அறிக்கையாகத்தான் முதலில் வெளியே வந்தது. மாநாட்டில் வந்தது 1988-இல். 'ஸ்கீம்' என்ற கணினி மொழி 1975-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக் குறிப்பு வரிசையில் 349-ஆம் எண்ணாக வந்தது. வலைப்பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும், கூகுளின் அடிப்படையான 'பேஜ்ரேங்க்' முறை பற்றிய அந்தப் பிரபலமான எழுத்தோ ஸ்டான்ஃபோர்டின் அறிக்கையாகவே நின்றுவிட்டது. இன்றும் அதை அறிக்கை என்றுதான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

காரணம் எளிது. ஆய்விதழில் வர மாதக்கணக்காகும், சில சமயம் வருஷம் தாண்டும். மாநாட்டுக் கட்டுரைக்குப் பக்க வரம்பு உண்டு. முழு நிரூபணமும் நீள அட்டவணைகளும் அதில் அடங்காது. 'இந்த யோசனை இந்தத் தேதியிலேயே எங்களிடம் இருந்தது' என்று காட்டிக்கொள்ளவும் ஒரு வழி வேண்டும். இணையம் வருவதற்கு முன் துறைகள் தங்கள் புதிய அறிக்கைகளின் பட்டியலைத் தபாலில் அனுப்பும். வேண்டியதற்கு நேரே டிக் போட்டுத் திருப்பி அனுப்பினால் பிரதி வரும். அந்தக் காலத்தில் எண்தான் ஆர்டர் கொடுக்கும் வழி.

பத்திர ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டை வாங்குகிறீர்கள். பத்திரம் பதிவாகும்போது அதற்கு ஓர் எண் விழுகிறது. 2009-இன் 1234 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வருஷமும் எண்ணும் சேர்ந்ததுதான் அந்தப் பத்திரத்தின் அடையாளம். அப்புறம் ஒருநாள் சர்வே எண் தப்பாக விழுந்திருப்பது தெரியவருகிறது. பதிவான பத்திரத்தை எடுத்து ஒயிட்னர் தடவித் திருத்த முடியுமா? முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்று இன்னொன்று எழுதி, அதற்குத் தனி எண் வாங்க வேண்டும். ரத்து செய்தாலும் இதே கதைதான். ரத்துப் பத்திரத்துக்கு ஒரு புது எண் விழும், பழைய எண் அதன் இடத்திலேயே இருக்கும். பத்து வருஷம் கழித்து யாராவது வில்லங்கம் போட்டுப் பார்த்தால் விற்றது, திருத்தியது, அடமானம் வைத்தது எல்லாம் தேதிவாரியாக வரிசைகட்டி நிற்கும்.

துறை அறிக்கைக்கும் வேண்டியது இதேதான். ஓர் எண் ஓர் எழுத்துக்கே. வெளியே போனதைக் கையால் தொடுவதில்லை. மாற்றம் வந்தால் அதையும் பதிவு செய்கிறோம். யார் எப்போது கேட்டாலும் அந்த எண்ணின் வில்லங்கம் முழுக்கத் தெரிய வேண்டும். அறிக்கைகளை 'நிர்வகிப்பது', 'பின்தொடர்வது' என்று பெரிய வார்த்தைகளில் சொல்வதெல்லாம் இந்த நாலு காரியம்தான்.

எண் எப்படி இருக்கணும்?

இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, ஆரம்பித்த நாளிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் எண். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகம் அப்படித்தான் வைத்திருக்கிறது, எம்.ஐ.டி.யின் குறிப்புகளும் அந்த ரகமே. இன்னொன்று, பத்திர எண் மாதிரி வருஷம் சேர்ந்தது. மேகக் கணினி பற்றிய பெர்க்லியின் பிரபலமான அறிக்கைக்கு எண் 2009-28, அதாவது அந்த வருஷத்தின் 28-ஆவது. சின்னத் துறைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டிசம்பர் மாதம் பட்டியலைப் பார்த்தாலே எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எண்ணுக்குள் என்ன இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஆய்வகத்தின் பெயர், வழிகாட்டியின் இனிஷியல், பாடப்பிரிவு எல்லாவற்றையும் உள்ளே திணிக்க எல்லோருக்கும் ஆசை வரும். 'பார்த்ததும் புரியணும் சார்' என்பார்கள். இரண்டு வருஷத்தில் ஆய்வகம் பெயர் மாறும், பேராசிரியர் ஓய்வு பெறுவார், எண் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கும்.

நூலகத்துப் புத்தகத்தில் இரண்டு எண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதுகில் ஒட்டியிருப்பது பொருளைச் சொல்லும் எண். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை இந்த வகை எண்ணைத் தருவது. அந்தப் புத்தகம் எதைப் பற்றியது, எந்த அலமாரியில் யார் பக்கத்தில் உட்காரணும் என்று அது சொல்லும். பகுப்பு மாறினால் அதையும் மாற்றி ஒட்டலாம். உள்ளே முத்திரை குத்தியிருக்கும் அக்செஷன் நம்பர் வேறு. 'நூலகத்துக்குள் வந்த இத்தனையாவது புத்தகம்' என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. அதனால்தான் அதை மாற்ற வேண்டிய அவசியமே வருவதில்லை. அறிக்கை எண் இந்த இரண்டாவது சாதி.

'ஆர்க்கைவ்' என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம் 1991-இல் தொடங்கியபோது எண்ணின் முன்னால் பாடப்பிரிவின் பெயர் இருந்தது. அதன் பிறகு வருஷம், மாதம், மூன்று இலக்கம். ஒரு பிரிவில் ஒரு மாதத்துக்கு 999-க்கு மேல் போக முடியாது. 2007 ஏப்ரலில் பாடப்பிரிவைக் கழற்றிவிட்டு, எல்லாத் துறைக்கும் பொதுவாக நாலு இலக்கம் வைத்தார்கள். மாதத்துக்கு 9,999 என்பதும் பற்றாத நிலை நெருங்கியது. 2015 ஜனவரியிலிருந்து அஞ்சு இலக்கம். உங்கள் துறைக்கு வருஷத்தில் இருபது அறிக்கை வந்தால் பெரிது, இரண்டு இலக்கம் போதும். ஆனால் 7 என்று எழுதாமல் 07 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் 10-ஐ 7-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும்.

ஒரே எண், இரண்டு அறிக்கை

இது நான் பட்டது. எங்கள் துறையில் அப்போது பதிவேடு ஓர் எக்செல் ஃபைல். என் கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பக்கத்து மேசையில் இருந்த அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். வீட்டில் ஒரு வளைகாப்பு, நான் ஒரு வாரம் லீவு. அந்த வாரத்தில் ஒரு பேராசிரியர் எண் கேட்க, அக்கா தன்னிடம் இருந்த பிரதியைத் திறந்து, கடைசி எண் 05 என்று பார்த்து 06 கொடுத்துவிட்டார். நானோ லீவுக்கு முந்தின நாளே வேறு ஒருவருக்கு 06 கொடுத்திருந்தேன். அக்கா மேல் தப்பே இல்லை. இரண்டு அறிக்கையும் அட்டை போட்டு வெளியே போய், ஒன்றை யாரோ மேற்கோள் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

என்ன செய்தோம்? முதலில் வாங்கியவருக்கே 06. இரண்டாவது அறிக்கைக்குப் புது எண் கொடுத்து, 'முன்பு 06 என்ற எண்ணில் சுற்றுக்கு விடப்பட்டது' என்று பதிவேட்டிலும் அட்டையிலும் எழுதினோம். எங்களுக்கு மட்டும் இது நேர்ந்ததாக நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்டான்ஃபோர்டு பட்டியலில் பேஜ்ரேங்க் அறிக்கையைப் பார்த்தேன். அதன் எண் 1999-66. கீழே ஒரு சின்னக் குறிப்பு: முந்தைய எண் எஸ்.ஐ.டி.எல்.-டபிள்யூ.பி.-1999-0120. அது இரட்டை எண் தகராறு இல்லைதான். ஆனால் எண் மாறியதை மறைக்காமல் எழுதி வைப்பது எவ்வளவு வசதி என்று அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எண் கொடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆள் மாறலாம், நோட்டு மாறக் கூடாது. இப்போது ஆன்லைன் விரிதாள் இருப்பதால் பிரதி எடுக்கும் வேலையே இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அறிக்கை என்பது துறை எண் போட்டு வெளியிடும் எழுத்து, எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காமல் இருப்பது நல்லது, கொடுக்கும் கை ஒன்றாக இருக்கட்டும்.

பதிவேட்டில் என்ன எழுதணும்?

அறிக்கையைப் பற்றிய விவரங்களை மேல்விவரம் என்போம். கம்ப்யூட்டர்காரர்கள் மெட்டாடேட்டா என்பார்கள். கல்யாணப் பத்திரிகை உறையின் மேல் எழுதுகிற பெயர், ஊர் மாதிரி. உறையைப் பிரிக்காமலே யாருக்கு, எங்கே என்று தெரிய வேண்டும்.

எண், தலைப்பு, எழுதியவர்கள், தேதி, சுருக்கம் இவை எல்லோருக்கும் தோன்றும். 1992-இல் அமெரிக்காவில் பெர்க்லி, கார்னகி மெலன், கார்னெல், எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு ஆகிய ஐந்து இடங்களும் தங்கள் கணினி அறிக்கைகளை வலையில் சேர்த்துத் தேடும் முயற்சியில் இறங்கின. இப்படிப்பட்ட விவரங்களை இடத்துக்கு இடம் பரிமாறிக்கொள்ள ஒரு பொது வடிவம் வேண்டியிருந்தது; 1995-இல், இணைய நடைமுறைகளை எழுதி வைக்கும் ஆவண வரிசையில் வந்த ஆர்.எஃப்.சி. 1807 அதை எழுதி வைத்தது. அதில் எனக்குப் பிடித்தது தலைப்புக்கும் ஆசிரியருக்குமான இடங்கள் இல்லை. 'திருத்தம்' என்பதற்கும் 'திரும்பப் பெறப்பட்டது' என்பதற்கும் தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். இவையெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டவர்கள் போட்ட படிவம் அது.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. மறுபடி பேஜ்ரேங்க். அதன் முதல் பக்கத்தில் 1998 ஜனவரி 29 என்று இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பட்டியலில் வருஷம் 1999. விளைவு, உலகம் முழுக்கப் பாதிப்பேர் 1998 என்றும் மீதிப்பேர் 1999 என்றும் எழுதுகிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எழுதி முடித்த தேதி, பதிவான தேதி என்று இரண்டு கட்டம் வைத்துவிடுங்கள், தகராறு தீர்ந்தது.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். எஸ். குமார் என்பவர் ஓர் அறிக்கையில் 'எஸ். குமார்', அடுத்ததில் 'குமார் எஸ்.', பாஸ்போர்ட் எடுத்த பிறகு 'குமார் சுப்பிரமணியன்'. வெளிநாட்டு மென்பொருள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அவரை மூன்று ஆளாக்கிவிடும். அவருடைய அப்பா பெயரில் ஒரு விஞ்ஞானி உருவாகியிருப்பார். 2012-இல் தொடங்கிய ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பெயரை எப்படி எழுதினாலும் சரி, பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள்.

வெளியே போன பிறகு

அறிக்கை வெளியான மூன்றாம் நாள் ஆசிரியர் வருவார். 'ஒரு சின்ன ஸ்பெல்லிங்தான், ஃபைலை மட்டும் மாத்திடுங்க.' இந்த வேலையில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. முதல் ஃபைலை ஏற்கெனவே தரவிறக்கியவர் ஒருவர் இருப்பார். அவர் '12-ஆம் பக்கத்துச் சமன்பாடு' என்று எழுதுவார். நீங்கள் மாற்றிய ஃபைலில் அது 13-ஆம் பக்கத்துக்குப் போயிருக்கும்.

அதனால் பழையது அப்படியே இருக்கட்டும், திருத்தியது பதிப்பு 2 என்று பக்கத்தில் வரட்டும். பதிப்பு என்றால் அதே எண்ணின் கீழ் வரும் அடுத்த நிலை. ஆர்க்கைவிலும் இதே வழக்கம். பழைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். அடிப்படையே தவறு என்று தெரிந்து ஆசிரியர் திரும்பப் பெற்றால், பதிவேட்டில் வரி இருக்கும், பக்கத்தில் காரணமும் தேதியும் இருக்கும். எண்ணை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது.

அடுத்து, அறிக்கை வளர்ந்து ஆய்விதழ் கட்டுரையாகலாம். அப்போது பதிவேட்டில் 'இதன் மேம்பட்ட வடிவம் இன்ன இதழில்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நம் வில்லங்கச் சான்றுக்கு உயிர் இந்த வரிதான். ஆனால் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் கட்டுரை வந்த மகிழ்ச்சியில் ஆசிரியர் அலுவலகப் பக்கமே வரமாட்டார். வருஷத்துக்கு ஒருமுறை நாமே கேட்டு மெயில் போடுவதுதான் வழி. முன்பே அறிக்கையாக வந்ததை அந்தப் பதிப்பகம் ஏற்குமா என்பதை, அறிக்கை வெளியிடும் முன்பே ஆசிரியர் பார்த்துவிடுவது நல்லது.

ஃபைல் எங்கே வாழ்கிறது?

துறையின் வெப்சைட்டை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுசாக்குவார்கள். அன்றைக்குப் பழைய முகவரிகள் எல்லாம் செத்துப்போகும். தெருப் பெயரை மாற்றிவிட்டுத் தபால்காரரிடம் சொல்லாமல் விட்டது போல. இதற்காகத்தான் நிலைமுகவரி என்ற ஏற்பாடு. டி.ஓ.ஐ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது ஒரு வகை. நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். ஃபைல் இடம் மாறினால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும், மேற்கோள் காட்டியவர்கள் எழுதியது எதுவும் கெடாது. டி.ஓ.ஐ. வாங்க வசதியில்லை என்றால் பல்கலைக்கழக நூலகத்தின் களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம். எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் களஞ்சியங்கள் நம் நாட்டிலும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் போகும் சோத்கங்கா வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தமிழில் எழுதிய அறிக்கை என்றால் இன்னொரு கண்ணி. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை அப்படியே வைத்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஏதோ ஆங்கில எழுத்துகளைக் கொட்டி வைத்தது போலத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துருவை உள்ளே பொதிந்து வைக்கும் பி.டி.எஃப்./ஏ என்ற காப்பக வடிவத்தில் சேமிப்பது உத்தமம்.

ஆக, பதிவேட்டில் விவரம், வெளியே போன ஃபைலில் கைவைக்காமை, திருத்தத்துக்குப் பதிப்பு, இடம் மாறினாலும் மாறாத முகவரி. வருஷத்துக்கு இருபது அறிக்கை வரும் துறையில் இதற்கெல்லாம் மாதம் அரை நாள் ஆகும். தனி மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை.

வராத அறிக்கை

கடைசியாக ஒன்று. 2011-இல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பூட்டும் நேரத்தில் ஓர் ஆய்வு மாணவர் ஓடி வந்தார்.

"ஒரு நம்பர் மட்டும் கொடுங்க சார். நாளைக்குப் பேப்பர் அனுப்பணும். முழு நிரூபணம் எங்க டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இருக்குன்னு போடணும்."

"ரிப்போர்ட் எங்க தம்பி?"

"எழுதிட்டே இருக்கேன் சார், திங்கக்கிழமை தந்துடுறேன்."

கொடுத்துவிட்டேன். 2011-09. அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை. அவர் படிப்பை முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார். டிசம்பரில் பட்டியலைச் சரிபார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. வேறு ஒருவருக்கு அந்த எண்ணைத் தந்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, 'எண் வழங்கப்பட்டது, அறிக்கை பெறப்படவில்லை' என்று எழுதி, அன்றைய தேதியும் போட்டேன். அதற்குப் பிறகு, கையில் அறிக்கை இல்லாமல் கேட்பவர்களுக்கு நிரந்தர எண் தருவதை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் காலாவதியாகும் தற்காலிக எண் கொடுக்க ஆரம்பித்தோம்.

மூன்று வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. கட்டுரையைப் படித்தேன், நிரூபணத்தைப் பார்க்க வேண்டும், 2011-09 அறிக்கையை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். பதிவேட்டைத் திறந்து, அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதி, கட்டுரை ஆசிரியரையும் மெயிலில் சேர்த்து அனுப்பினேன். அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து 31 பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். வந்தது. எழுதி முடித்த தேதி, பதிவான தேதி என்ற இரண்டு கட்டத்திலும் 2014 என்று போட்டு, 2011-09-க்கு நேரே ஏற்றினேன்.